கடலிடமே கேளுங்கள்

போர்ட் பிளேயரில், நம் மரைன் ஹில்லில் நவம்பர் கடைசியில் சாயங்காலம் ஐந்து மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். பள்ளிக்கூடம் விட்டு வந்து, சட்டை மாற்றி, பந்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்குவதற்குள் இருட்டிவிடுகிறது என்று பிள்ளைகள் நீங்கள் அலுத்துக்கொள்வது என் காதில் விழுகிறது. மே மாதக் கடைசியிலோ காலை ஐந்து மணி அடிப்பதற்கு முன்பே வெளிச்சம் ஜன்னலுக்குள் வந்து எழுப்பிவிடும். சென்னையிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்கு முதல் இரண்டு நாள் இது பிடிபடுவதே இல்லை.

காரணம் கடிகாரத்தில் இருக்கிறது. இந்தியா முழுமைக்குமான நேரத்தை 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்து முடிவுசெய்திருக்கிறார்கள். அது உத்தரப் பிரதேசத்தில் மிர்சாபூர் பக்கமாகப் போகிறது. போர்ட் பிளேயர், 2024-லிருந்து ஸ்ரீ விஜயபுரம், இருப்பது ஏறத்தாழ 92.7 பாகையில். பூமி ஒரு பாகை திரும்ப 4 நிமிடம் ஆகிறது. ஆகவே நம் சூரியன் நம் கைக்கடிகாரத்தைவிடச் சுமார் 41 நிமிடம் முந்தி நடக்கிறது. சென்னைச் சூரியனைவிட 50 நிமிடம்.

நான் சொல்கிறேன் என்பதற்காக இதை நம்ப வேண்டாம். மொட்டைமாடியில் ஒரு குச்சியை நிறுத்துங்கள். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, குச்சி செங்குத்தாக நிற்கிறதா என்று சரிபாருங்கள். காலை பத்து மணியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் சாக்பீஸால் புள்ளி வைத்து, பக்கத்திலேயே நேரத்தை எழுதுங்கள். நிழல் மிகக் குட்டையாகும் நேரம்தான் நம் ஊரின் உண்மையான உச்சிப்பொழுது. ஆனால் அந்த நேரத்தை நேரடியாகக் கண்ணால் பிடிக்க முடியாது. டிசம்பர், ஜனவரியில் உச்சியை ஒட்டிச் சில நிமிடங்களுக்கு நிழலின் நீளம் அசையாமல் நிற்பதுபோலவே தெரியும். அதனால் காலையில் நிழல் ஒரு குறிப்பிட்ட நீளம் இருந்த நேரத்தையும், பிற்பகலில் அதே நீளம் திரும்ப வந்த நேரத்தையும் எடுத்துக்கொண்டு இரண்டுக்கும் நடுவைக் கண்டுபிடியுங்கள். விடை பன்னிரண்டு மணியாக இராது. வருஷம் முழுக்க அது 11 மணி 3 நிமிடத்துக்கும் 11 மணி 33 நிமிடத்துக்கும் இடையில் போய்வரும். பூமியின் பாதை நீள்வட்டமாக இருப்பதும் அதன் அச்சு சாய்ந்திருப்பதும் சேர்ந்து செய்யும் வேலை அது. ஏப்ரல் 20-ஐ ஒட்டிச் செய்தால் இன்னொன்றும் பார்க்கலாம்: 11 மணி 18 நிமிடம் வாக்கில் சூரியன் நேர் தலைக்கு மேலே வந்து, குச்சிக்கு நிழலே இல்லாமல் போகும்.

ஒரு குச்சியும் ஒரு கடிகாரமும் இருந்தால், பூமியில் நீங்கள் எந்தத் தீர்க்கரேகையில் நிற்கிறீர்கள் என்பதை நீங்களே சொல்லிவிடலாம். எத்தனையோ வருஷம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் உங்களிடம் நான் வற்புறுத்துவது இந்தப் பழக்கத்தைத்தான். பதிலைப் புத்தகத்தில் படியுங்கள், வாத்தியாரிடம் கேளுங்கள். அதன் பிறகு அது சரிதானா என்று அந்தப் பொருளிடமே ஒருமுறை கேளுங்கள். நிழலைப் பற்றிய சந்தேகம் என்றால் நிழலிடம். கடலைப் பற்றியது என்றால் கடலிடம்.

கடலைப் பற்றித்தான் இன்று அதிகம் பேசப்போகிறேன், ஏனென்றால் நம் எல்லோர் வீட்டு வாசலிலும் அது இருக்கிறது. மேட்டிலிருந்து கீழே பார்த்தால் ஃபீனிக்ஸ் பே பக்கம் தண்ணீர் பச்சையாகத் தெரியும். பெருமழைக்கு மறுநாள் மண் கரைந்து பழுப்பாகவும் இருக்கும். துறைமுகத்தைத் தாண்டி வெளியே போகப்போக நீலம் ஏறும். சென்னையிலிருந்து ஹர்ஷவர்தனா கப்பலில் வந்தவர்களைக் கேட்டுப்பாருங்கள். புறப்படும்போது பச்சையாக இருந்த தண்ணீர், மறுநாள் காலையில் மேல்தளத்துக்கு வந்து பார்த்தால் கருநீலமாகியிருக்கும். ஏன் என்று கேட்டால் பத்துப் பேரில் எட்டுப் பேர் "வானத்தோட நிறம்தான் தண்ணியில தெரியுது" என்பார்கள். சின்ன ஆட்கள் சொன்ன பதில் இல்லை இது. காற்றிலுள்ள மூலக்கூறுகள் சிவப்பைவிட நீல ஒளியை நான்கு மடங்குக்கு மேல் சிதறடிக்கின்றன, அதனால்தான் வானம் நீலம் என்று கணக்குப் போட்டுக் காட்டிய ராலே பிரபுவே, கடலின் நீலம் வானத்தின் எதிரொளிப்பு என்றுதான் கருதினார். 1904-இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். அவர் சொன்னால் யார் மறுப்பது?

1921-ஆம் ஆண்டு செப்டம்பரில், நார்குண்டா என்ற கப்பலில் இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்குத் திரும்பிக்கொண்டிருந்த 32 வயது தமிழர் ஒருவர் மறுத்தார். திருச்சி திருவானைக்காவலில் பிறந்த சந்திரசேகர வெங்கட ராமன். ஆக்ஸ்போர்டில் நடந்த பல்கலைக்கழகங்களின் மாநாட்டுக்குப் போய்விட்டு வந்துகொண்டிருந்தார். மத்தியதரைக் கடலின் நீலம் அவரை விடவில்லை. அவரிடம் நிக்கல் பட்டகம் என்கிற சின்னக் கருவி இருந்தது. தண்ணீரின் மேற்பரப்பில் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பட்டு எதிரொளிக்கும் வெளிச்சம் ஒரே தளத்தில் அதிர்கிறது. பட்டகத்தைச் சரியாகத் திருப்பிப் பிடித்தால் அந்த எதிரொளிப்பு மட்டும் அணைந்துபோகும். கடலின் நீலம் வானத்திலிருந்து கடன் வாங்கியது என்றால், எதிரொளிப்பை அணைத்ததும் நீலமும் அணைய வேண்டும். அணையவில்லை, இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. கப்பல் பம்பாய்த் துறைமுகத்தில் நின்றபோதே, செப்டம்பர் 26 தேதியிட்டு, கடலின் நிறம் பற்றி 'நேச்சர்' இதழுக்குக் கடிதம் எழுதிவிட்டார்.

இந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம். பட்டகம் வேண்டாம், போலராய்டு கூலிங் கிளாஸ் போதும். கடைக்காரர் போலராய்டு என்று சொல்லிக் கொடுத்ததா, உண்மையிலேயே போலராய்டா என்று முதலில் தெரிய வேண்டும். கால்குலேட்டர் திரைக்கு முன்னால் பிடித்து மெதுவாகச் சுழற்றுங்கள். ஒரு நிலையில் திரை முழுக்க இருண்டால் அது போலராய்டுதான். அதைப் போட்டுக்கொண்டு, பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, மரீனா பார்க் சுவரோரம் போய் நில்லுங்கள். எந்தக் கண்ணாடி போட்டிருந்தாலும் சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது. கண்ணுக்கு மூன்று மீட்டர் கீழே தண்ணீர் இருந்தால், நாலு மீட்டர் தள்ளியிருக்கும் தண்ணீரைப் பாருங்கள். தண்ணீரின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 4/3 என்பதால் அமைந்த கணக்கு அது. கணக்குப் புத்தகத்தில் படித்த 3, 4, 5 முக்கோணம் உங்கள் கண்ணுக்கும் கடலுக்கும் நடுவில் நிற்கிறது. பளபளப்பு மறைந்து, தண்ணீருக்குள் கல், பாசி, ஓடும் மீன் எல்லாம் துலங்கும். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தால் பளபளப்பு திரும்ப வந்து எல்லாவற்றையும் மூடும். வானத்தை அழித்துவிட்டுக் கடலை மட்டும் பார்ப்பது எப்படி என்பது அந்த ஒரு கணத்தில் புரிந்துவிடும்.

ராலே சொன்னதும் முழுப் பொய் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜூன் மாதத்தில் மழை மேகம் மூடிய நாளில் நம் கடல் ஈய நிறத்தில் கிடப்பதைப் பார்க்கிறோம். தூரத்துக் கடலைச் சாய்வாகப் பார்க்கும்போது வானத்தின் பங்கு பெரியதுதான். ஒரு பெரிய மனிதர் சொன்னதில் எது எதுவரைக்கும் சரி என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். மொத்தமாகத் தலையாட்டுவதும் மொத்தமாக ஒதுக்குவதும் சுலபம். இரண்டுமே படிப்பு ஆகாது.

கல்கத்தாவுக்குத் திரும்பிய ராமன் அதோடு விட்டிருந்தால் ஒரு நல்ல கடிதம் எழுதியவராக மட்டும் இருந்திருப்பார். அவருடைய பின்னணியை நினைத்துப் பாருங்கள். 1907-லிருந்து பத்து வருஷம் அவர் அரசாங்க நிதித் துறை அதிகாரி. பகலெல்லாம் கணக்கு வழக்கு. காலையில் ஆபீசுக்கு முன்னும் சாயங்காலம் ஆபீசுக்குப் பின்னும் பவுபஜார் தெருவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வகத்தில் வேலை. 1917-இல் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி வந்தபோது, வாங்கிக்கொண்டிருந்ததைவிடக் குறைந்த சம்பளத்துக்குச் சம்மதித்து வேலையை மாற்றிக்கொண்டார். எனக்கு நேரமில்லை, வசதியில்லை என்று உங்களில் யாராவது சொல்லும்போது இந்தப் பத்து வருஷம்தான் எனக்கு ஞாபகம் வரும்.

தண்ணீரில் ஒளி எப்படிச் சிதறுகிறது என்பதை அவரும் மாணவர்களும் வருஷக்கணக்காக அளந்தார்கள். 1923-இல் கே. ஆர். ராமநாதன் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். சிதறி வரும் ஒளியில், உள்ளே அனுப்பிய நிறத்திலிருந்து சற்றே மாறிய ஒரு மங்கலான மிச்சம் இருந்தது. திரவத்தில் அழுக்கு இருக்கும் என்று சந்தேகப்பட்டார்கள். திரும்பத் திரும்பச் சுத்தப்படுத்தினார்கள். மிச்சம் போகவில்லை. வேறு ஆய்வகமாக இருந்தால் "கருவியின் குறை" என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள். இவர்கள் அந்த மங்கலான மிச்சத்தை ஐந்து வருஷம் கைவிடவில்லை.

1928 தொடக்கத்தில், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் ராமனும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். விளக்கு எது தெரியுமா? சூரியன். 18 செ.மீ. அகலமுள்ள தொலைநோக்கி வில்லை ஒன்றால் வெயிலைக் குவித்து, நீல ஊதா வடிகட்டி வழியாகத் திரவத்துக்குள் செலுத்தினார்கள். திரவத்துக்கு இந்தப் பக்கம் மஞ்சள் பச்சை வடிகட்டி. முதலாவது விடும் நிறத்தை இரண்டாவது விடாது. ஆக, ஒளி நிறம் மாறாமல் சிதறினால் கண்ணுக்கு இருட்டுதான் தெரிய வேண்டும். வெளிச்சம் தெரிந்தது. ஏறத்தாழ அறுபது திரவங்களில் பார்த்தார்கள், எல்லாவற்றிலும் தெரிந்தது. பிப்ரவரி 28-இல் நிறமாலைமானியிலும் உறுதியாயிற்று. நாம் தேசிய அறிவியல் தினம் கொண்டாடுவது அந்தத் தேதியில்தான். 1930-இல் நோபல் பரிசு ராமனுக்கு வந்தது. முதல் கடிதத்தில் அவரோடு கையெழுத்திட்ட கிருஷ்ணனின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். மேடையில் பேசும்போது பலர் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அது உறுத்தும்.

நடப்பது இதுதான். ஒளி மூலக்கூறின் மேல் பட்டுச் சிதறும்போது, மிக அபூர்வமாக, மூலக்கூறு தன் அதிர்வுக்கென்று அந்த ஆற்றலில் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. மிஞ்சிய ஆற்றலோடு வரும் ஒளியின் நிறம் மாறியிருக்கும். எவ்வளவு மாறியது என்பது ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தனி. கோடியில் ஓர் ஒளித்துகளுக்குத்தான் இப்படி நேர்கிறது. அந்தக் கோடியில் ஒன்றை வைத்து இன்று மருந்து அசலா போலியா என்று பார்க்கிறார்கள், வைரத்தைச் சோதிக்கிறார்கள், 2021-இல் செவ்வாயில் இறங்கிய பெர்சிவியரன்ஸ் ஊர்தி பாறைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதும் இதே முறையில்தான்.

இனி ராமனையும் அதே கேள்விக்கு உட்படுத்துவோம், அதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை. கடலின் நீலத்துக்கு அவர் முதன்மையாகக் கைகாட்டியது தண்ணீர் மூலக்கூறுகளின் சிதறலை. பிற்பாடு வந்த அளவீடுகள், தண்ணீர் சிவப்பை உட்கவர்ந்துவிடுவதே பெரிய காரணம் என்று காட்டின. வெள்ளை வெயில் உள்ளே போகிறது. சிவப்பு முதலில் காணாமல் போகிறது, பிறகு ஆரஞ்சு, மஞ்சள். மிஞ்சிய நீலத்தைத்தான் சிதறல் மேலே திருப்பி அனுப்புகிறது. ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி, அடியில் எடை வைத்து, படகுத்துறையின் ஓரத்திலிருந்து மெதுவாக இறக்கினால் இதைப் பார்க்கலாம். வெள்ளை மெல்லமெல்லப் பச்சையாகும், தெளிந்த தண்ணீராக இருந்தால் நீலமாகும், ஓரிடத்தில் மறைந்துபோகும். கயிற்றில் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இத்தாலியப் பாதிரியாரும் வானியலாளருமான செக்கி 1865-இல் செய்த சோதனை இது. இன்றும் கடல் ஆய்வாளர்கள் தண்ணீரின் தெளிவை அளக்க இதையே செய்கிறார்கள்.

சிவப்பு ஏன் போகிறது? தண்ணீர் மூலக்கூறில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் பிணைந்திருக்கின்றன. அந்தப் பிணைப்பு ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருக்கும். ஊஞ்சலை அதன் தாளத்தோடு தள்ளினால்தான் அது வாங்கிக்கொள்ளும். தாளம் தவறித் தள்ளினால் கைதான் வலிக்கும். இந்தப் பிணைப்பின் தாளம் அகச்சிவப்பில் இருக்கிறது, ஆனால் அதன் மேல்தாளங்களில் ஒன்று நம் கண்ணுக்குத் தெரியும் சிவப்பின் ஓரத்தைத் தொடுகிறது. அதனால் தண்ணீர் சிவப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்கிறது. ஒரு டம்ளரில் தெரியாது. பல மீட்டர் ஆழம் வேண்டும். கனநீரில் ஹைட்ரஜனுக்குப் பதில் இரண்டு மடங்கு எடையுள்ள டியூட்டீரியம் இருக்கிறது. எடை கூடினால் தாளம் மெதுவாகும், சிவப்பைத் தொடாமல் விலகிவிடும். அதனால் கனநீருக்கு இந்த நீலம் இல்லை. உலகில் நிறமுள்ள பொருள்கள் பெரும்பாலும் எலக்ட்ரான்களின் தாவலால் நிறம் பெறுகின்றன. அணுக்களின் அசைவாலேயே நிறம் பெற்ற பொருளாக, இதோ நம் வாசலில் விரிந்து கிடப்பது அபூர்வமானது.

ஸ்வராஜ் தீவில் ஆழ்கடல் முக்குளிப்புக்குக் கூட்டிப்போகும் பையன்களுக்கு இது நன்றாகத் தெரியும். பத்து மீட்டர் ஆழத்துக்குப் போனால் சிவப்பு அநேகமாக இல்லை. சிவப்பு மீன் கறுத்துத் தெரியும். டார்ச் அடித்தால் பளிச்சென்று சிவக்கும். அதே தீவில் நிலவில்லாத ராத்திரிகளில் அலை உடையும்போது நீலமாக மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள், தண்ணீர் அசைந்தால், லூசிஃபெரின் என்ற பொருளை ஆக்சிஜனோடு சேர்த்து வெளிச்சம் உண்டாக்குகின்றன. அந்த வெளிச்சத்தின் நிறம் ஏறத்தாழ 475 நானோமீட்டர் நீலம். தண்ணீர் எந்த நிறத்தை அதிக தூரம் போகவிடுமோ அந்த நிறம். கோடிக்கணக்கான வருஷமாகக் கடலோடு வாழ்ந்து பெற்ற பதில் அது.

இப்போது உங்கள் கையிலிருக்கும் செல்போனுக்கு வருகிறேன். 2020 ஆகஸ்ட் 10 வரை நம் தீவுகளில் இணையம் செயற்கைக்கோளை நம்பித்தான் இருந்தது. ஒரு படம் இறங்குவதற்குள் சமையலே முடிந்துவிடும். அன்றைக்குத்தான் சென்னையிலிருந்து கடலடியில் போட்ட ஒளியிழைக் கேபிள் திறக்கப்பட்டது. போர்ட் பிளேயரையும் இன்னும் ஏழு தீவுகளையும் சேர்த்து மொத்தம் சுமார் 2,300 கி.மீ. அந்த இழைக்குள் ஓடுவதும் ஒளிதான், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. பக்கச்சுவரில் சாய்வாகப் பட்டு முழு அக எதிரொளிப்பு அடைவதால் வெளியே போகாமல் கண்ணாடிக்குள்ளேயே வருகிறது. அந்த 1,550 நானோமீட்டர் ஒளியைத் தண்ணீருக்குள் விட்டால் ஒரு சென்டிமீட்டர்கூடத் தாங்காது. நல்ல கண்ணாடி இழையிலோ 15 கி.மீ. போனபிறகும் பாதி மிஞ்சியிருக்கும். அந்தக் கண்ணாடியைச் செய்பவர்களுக்குப் பெரிய எதிரி எது தெரியுமா? கண்ணாடிக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் ஆக்சிஜன் ஹைட்ரஜன் பிணைப்பு. கடலை நீலமாக்குகிற அதே அதிர்வு அங்கே ஒளியைத் தின்றுவிடும். அதைத் துரத்தித் துரத்தி வெளியேற்றியபின்தான் இத்தனை தூரம் ஒளி வந்து சேர முடிந்தது. இழைகளைச் சுத்தமாக்கினால் போதும், ஒளி வெகுதூரம் போகும் என்று 1966-இலேயே கணித்துச் சொன்ன சார்லஸ் காவ் 2009-இல் நோபல் பரிசு பெற்றார். நீங்கள் ராத்திரி பார்க்கும் வீடியோ, நீலமாக இருக்கிற கடலுக்கு அடியில், அந்த நீலத்தின் காரணத்தை விலக்கிவைத்த கண்ணாடி வழியாக வருகிறது. இதை முதல்முறை யோசித்துப் பார்த்த அன்று எனக்கு வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை.

ஒளி போதும், பொருளைப் பற்றியும் ஒரு விஷயம். நம் ஊரில் இரும்பு எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்று உங்கள் வீட்டு கேட்டைப் பார்த்தாலே தெரியும். காற்றிலேயே உப்பு இருக்கிறது, உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. கப்பலின் கதி என்ன? பராமரிப்புக்கு மேலே ஏற்றிய கப்பல் எதையாவது பார்க்கக் கிடைத்தால், அடிப்பாகத்தில், சுக்கானுக்கும் சுழல்விசிறிக்கும் பக்கத்தில், துத்தநாகக் கட்டிகள் பொருத்தியிருப்பதைக் கவனியுங்கள். புதிதாக மாட்டும்போது வழவழப்பாக இருக்கும். கழற்றும்போது அரித்துக் குழிகுழியாகப் பாதியாகியிருக்கும். இரும்பைவிட எளிதாக எலக்ட்ரானை விட்டுக்கொடுப்பது துத்தநாகம். அதனால் அது கரைந்து இரும்பைக் காப்பாற்றுகிறது.

இந்த யோசனையைக் கப்பலுக்குக் கொண்டுவந்தவர் ஹம்ஃப்ரி டேவி, 1824-இல். பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களுக்கு அடியில் செம்புத் தகடு அடித்திருப்பார்கள். கடல்நீர் அதை அரித்தது. துத்தநாகமோ இரும்போ சேர்த்தால் அரிப்பு நிற்கும் என்று டேவி ஆய்வகத்தில் காட்டினார். கப்பலில் பொருத்தினார்கள். அரிப்பு நின்றது. கூடவே, கரையும் செம்பின் நஞ்சுக்குப் பயந்து ஒட்டாமலிருந்த சிப்பியும் பாசியும் இப்போது தகடு முழுக்க அப்பிக்கொண்டன. கப்பலின் வேகம் குறைந்தது. ஆய்வகத் தொட்டி பாதிப் பதில்தான் சொல்லியிருந்தது. மீதியைக் கடல் சொன்னது. டேவியின் வேதியியலில் குற்றமில்லை. அதனால்தான் அதே வேதியியல் இன்று இரும்புக் கப்பலைக் காக்கிறது.

கடைசியாக, நீங்கள் எல்லோரும் கட்டாயம் பழக வேண்டிய ஒரு வேலை. எழுதி வைப்பது.

1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபாரை ஒட்டிப் பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டது. வங்கக்கடலைச் சுற்றிப் பல துறைமுகங்களில் கடல்மட்டத்தை இடைவிடாமல் வரைந்துகொண்டிருந்த ஓதமானிகள் இருந்தன. நம் போர்ட் பிளேயரில் ஒன்று, நாகப்பட்டினத்தில் ஒன்று. அன்றைய அலை அந்தக் காகிதங்களில் பதிவாகியது. நாகப்பட்டினத்தில் எழுந்த உயரம் சுமார் 0.8 மீட்டர். அந்தக் காகிதச் சுருளை மாற்றியவர்களுக்கு அது தினப்படி வேலை. இன்று ஒன்றும் நடக்கவில்லையே என்று ஒருநாளும் விடாமல் மாற்றியிருக்கிறார்கள். 122 வருஷம் கழித்து, 2003-இல், ஓர்டீஸ், பில்ஹாம் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்தக் கோடுகளை எடுத்து, கடலுக்கடியில் எவ்வளவு நீளம் பிளந்திருக்கும், எவ்வளவு நகர்ந்திருக்கும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டார்கள். 7.9 அளவு நிலநடுக்கம் என்று விடை வந்தது. நம் தீவுகளின் அடியில் சுனாமியை எழுப்பக்கூடிய பிளவு உயிரோடு இருக்கிறது என்பது எண்களோடு எழுதப்பட்டது அப்போதுதான்.

அடுத்த வருஷம், 2004 டிசம்பர் 26. அளவு 9.1. உங்கள் அப்பா அம்மாவைக் கேளுங்கள், நான் விவரிக்க விரும்பவில்லை. 4,000 மீட்டர் ஆழக் கடலில் சுனாமி மணிக்கு 700 கி.மீ. வேகத்தில் ஓடும், ஆழத்தையும் புவியீர்ப்பையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் பள்ளிக்கூடப் பையனே அந்த வேகத்தைக் கண்டுபிடித்துவிடலாம். நம் பக்கம் நிலம் சுமார் ஒரு மீட்டர் இறங்கியது. சிப்பிகாட் வழியாகப் போகும்போது, வயலாக இருந்த இடத்தில் உப்புத்தண்ணீர் நிற்பதைப் பார்க்கிறீர்களே, அது வடியாத வெள்ளம் இல்லை, இறங்கிய நிலம். வடக்கு அந்தமானிலோ கரை உயர்ந்து, பவளப்பாறை தண்ணீருக்கு வெளியே வந்து காய்ந்தது. 2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் அமைந்தது. இன்று ஓதமானிகள் காகிதத்தில் வரைவதோடு நிற்காமல், அளவை உடனுக்குடன் அங்கே அனுப்புகின்றன. ஆனாலும், தரை நின்று நிதானமாக ஆடினாலோ, கடல் வழக்கமில்லாமல் உள்வாங்கினாலோ, எந்தச் சங்கும் ஊதட்டும் என்று காத்திருக்காதீர்கள். மேட்டுக்கு ஓடுங்கள். லிட்டில் அந்தமானில் ஓங்கி மக்கள் அன்று பிழைத்தது கடல் காட்டியதைக் கவனித்து உயரமான இடத்துக்குப் போனதால்தான்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். மேட்டில் ஒரே இடத்தைத் தேர்ந்தெடுத்து, தினமும் ஒரே நேரத்தில் நின்று, ஐந்தே ஐந்து கட்டங்களை நிரப்புங்கள்: தேதி, நேரம், வானம் எப்படி, துறைமுகத் தண்ணீரின் நிறம் என்ன, வெளிக்கடலின் நிறம் என்ன. நிறத்துக்குப் பேர் வைப்பதில் ஆளாளுக்கு வித்தியாசம் வரும் என்பதால், பெயின்ட் கடையில் கிடைக்கும் நிற அட்டையை வாங்கி, அதிலுள்ள எண்ணை எழுதுவது நல்லது. முதல் மாதம் சலிப்பாகத்தான் இருக்கும். மழைக்காலம் தொடங்கும்போது நீலம் எந்த நாளிலிருந்து மாறுகிறது, மழை விட்டபின் துறைமுகத் தண்ணீர் தெளிய எத்தனை நாள் ஆகிறது என்பது இரண்டாவது வருஷத்தில்தான் தெரியத் தொடங்கும். போக முடியாத நாளில் மறுநாள் உட்கார்ந்து யோசித்து எழுதாதீர்கள். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, "பார்க்கவில்லை" என்று எழுதிவிடுங்கள்.